மெதுவாக ஓடும் கணினியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை

காரைக்குடியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடைப்படி ஏறுகிறவர்களில் பாதிப் பேர் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: “வைரஸ் வந்துவிட்டது, ரொம்ப மெதுவாக ஓடுகிறது.” திறந்து பார்த்தால் நான்கு ஜிபி ராம், தேய்ந்துபோன பழைய ஹார்டு டிஸ்க், இலவசமாகக் கிடைத்ததே என்று போட்டுவைத்த இரண்டு மூன்று ஆன்ட்டிவைரஸ்கள். ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கி, ஒரு எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தால் கணினி துள்ளி எழுந்துவிடும். அதில் வைரஸும் இல்லை, மர்மமும் இல்லை.

எனக்குக் கவலை தருவது, எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிதான். ஒரு கணினிக்குள் பின்கதவு, அதாவது வெளியிலிருந்தே ரகசியமாக அதை ஆட்டிவைக்க வழிவிடும் நிரல், வைத்தவன், அந்தக் கணினி நன்றாக ஓடவேண்டும் என்று அதன் சொந்தக்காரரைவிட அதிகமாக ஆசைப்படுகிறான். திரை உறைந்தாலோ, விசிறி இரைந்தாலோ, நீங்கள் என் கடைக்கு வந்துவிடுவீர்கள் அல்லவா?

கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றை விடுதியாக மாற்றி நடத்துகிறார்கள். அங்கே வரவேற்பில் வேலை பார்க்கும் பெண் ஒருநாள் போன் செய்தாள். “அக்கா, கம்ப்யூட்டரில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் அறை பதிவு செய்தவர்கள் எல்லாம் கூப்பிட்டுத் திட்டுகிறார்கள்” என்றாள். விடுதியின் கணக்கிலிருந்தே அவர்களுக்குச் செய்தி போயிருக்கிறது. அவர்கள் பெயர், வரும் தேதி, அறை எண் எல்லாம் சரியாக இருக்கிறது. “உங்கள் அட்டை விவரம் சரிபார்க்கப்படவில்லை, இந்த இணைப்பில் மறுபடி பணம் கட்டுங்கள், இல்லையென்றால் பதிவு ரத்தாகும்” என்று எழுதியிருக்கிறது. ஒருவர் கட்டியும்விட்டார்.

“இப்போது அந்தக் கணினியின் நெட் ஒயரை உருவு. வைஃபை என்றால் அணைத்துவிடு. வேறு எதையும் தொடாதே” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். இதை யாருக்கும் முதலில் சொல்வேன். ஸ்கேன் செய்வது, அழிப்பது எல்லாம் பிறகு. பின்கதவு என்பது வெளியே இருப்பவனோடு பேசிக்கொண்டிருக்கும் வரைதான் பின்கதவு. ஒயரை உருவினால் அந்த நிமிடமே அவன் கை அறுந்துவிடும்.

முகப்பில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், பர்மா தேக்கு மேசை. அதன் மேல் கணினி. அதன் முன்னால் அழுதுகொண்டிருந்த பெண். என்ன நடந்தது என்று கேட்டபோது ஒளிக்காமல் சொன்னாள். அதுவே பெரிய உதவி.

ஒரு முன்பதிவுத் தளத்தின் பெயரில் மின்னஞ்சல் வந்திருக்கிறது: அறையில் மூட்டைப்பூச்சி இருந்ததாக விருந்தினர் ஒருவர் புகார் தந்திருக்கிறார், 24 மணி நேரத்துக்குள் பதில் தராவிட்டால் விடுதியின் பக்கம் முடக்கப்படும். இணைப்பைத் தட்டியதும் “நான் ரோபோ அல்ல” என்ற பெட்டி. அதை டிக் செய்ததும் மூன்று படிகள். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கண்ட்ரோலும் வி-யும், பிறகு என்டர். அவள் மூன்றையும் செய்தாள். பக்கம் “நன்றி” என்றது. அவ்வளவுதான்.

இதற்கு கிளிக்ஃபிக்ஸ் என்று பெயர். விடுதிகளைக் குறிவைத்து இதே பாணியில் நடக்கும் தாக்குதலைப் பற்றி மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச்சில் விரிவாக எழுதியது. டிக் செய்யும் நொடியில் அந்தப் பக்கம் ஒரு கட்டளை வரியை, நகலெடுத்தவை தங்கும் நம் கிளிப்போர்டில் வைத்துவிடுகிறது. விண்டோஸ், ஆர் என்பது கட்டளைகளை நேராக ஓட்டும் ரன் பெட்டியைத் திறக்கும். அடுத்த இரண்டு விசைகளால் அந்தக் கட்டளையை நாமே ஒட்டி, நாமே ஓட்டிவிடுகிறோம். கட்டளையின் கடைசியில் “நான் ரோபோ அல்ல, சரிபார்ப்பு எண் இன்னது” என்று ஆங்கிலத்தில் எழுதிவைத்திருப்பார்கள். ரன் பெட்டி குறுகலானது, நீளமான வரியின் வால் மட்டும்தான் அதில் தெரியும். தலையில் பவர்ஷெல் என்று, விண்டோஸின் கட்டளை ஓட்டும் கருவியின் பெயர் இருப்பது கண்ணில் படாது. இந்த இடத்தில் அந்த அயோக்கியர்களின் கைத்திறனை நான் மெச்சாமல் இருக்க முடியவில்லை. நாமே ஓட்டுகிற கட்டளை என்பதால் பிரவுசரின் எச்சரிக்கையும் வராது.

விடுதி மேலாளர் அந்தப் பெண்ணைத் திட்ட ஆரம்பித்தார். நான் தடுத்தேன். புகாருக்கு ஓடோடிப் பதில் சொல்வதுதான் அவள் வேலை. ஒரு நட்சத்திரம் குறைந்தால் அவளைத்தான் கேட்பார்கள். மோசடி அவளுடைய முட்டாள்தனத்தின் வழியாக வரவில்லை, அவளுடைய பொறுப்புணர்ச்சியின் வழியாக வந்தது. சோம்பேறியாக இருந்திருந்தால் கணினி தப்பித்திருக்கும்.

இப்போது உள்ளே என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஓட்டப்பட்ட கட்டளை பெரியதாக எதையும் செய்யாது. இணையத்திலிருந்து இன்னொரு சிறு நிரலை இழுத்துவரும், அது இன்னொன்றை இழுத்துவரும். கடைசியில் வந்து உட்காருவதுதான் பின்கதவு. அது பயனரின் கோப்புறைக்குள் ஆப்டேட்டா என்ற மறைவான இடத்தில் தன்னை வைத்துக்கொள்கிறது. அங்கே எழுத அட்மின் அனுமதி தேவையில்லை. பிறகு, கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் தானும் எழுவதற்கு ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறது. பிறகு வெளியே ஒரு சர்வருக்குப் போன் போட்டு “இருக்கிறேன், என்ன செய்யவேண்டும்?” என்று கேட்கிறது. திரையைப் படம் பிடி, தட்டும் விசைகளைக் குறித்துக்கொள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை அனுப்பு, அடுத்த நிரலை இறக்கு என்று அங்கிருந்து உத்தரவு வரும்.

இந்த “போன் போடுவது” பழைய காலத்தில் வேறு மாதிரி இருந்தது. 1998இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில் பேக் ஆரிஃபிஸ் என்ற நிரலை ஒரு ஹேக்கர் குழு வெளியிட்டது. அதே ஆண்டில் நெட்பஸ் வந்தது. பாதிக்கப்பட்ட கணினி ஒரு போர்ட்டை, அதாவது இணையத் தொடர்புக்கான எண்ணிட்ட வாசலை, திறந்துவைத்துக் காத்திருக்கும், வெளியிலிருந்து அவன் தட்டுவான். டயல்-அப் காலத்தில் கணினி நேராக இணையத்தில் நின்றதால் அது நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் சிடி டிரேயைத் தானாகத் திறந்து மூடிப் பயமுறுத்துவதற்கே அந்த நிரல்களைப் பயன்படுத்திய விளையாட்டுப் பிள்ளைகளும் உண்டு.

இன்று எல்லா வீட்டிலும் ரௌட்டர் இருக்கிறது. வெளியிலிருந்து யாராவது தட்டினால் அது உள்ளே விடாது. ஆனால் உள்ளேயிருந்து வெளியே போவதை அது தடுப்பதில்லை. நம் ஊர் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முகப்பில் காவலுக்கு ஆள் உட்கார்ந்திருப்பார், கொல்லைவாசலில் யார் வெளியே போகிறார்கள் என்று யார் பார்க்கிறார்கள்? அதனால்தான் இப்போதைய பின்கதவு தானே வெளியே போய்ப் பேசுகிறது. அதுவும் 443 என்ற போர்ட் வழியாக. நீங்கள் செய்தித்தளம் படிப்பதும் வங்கிக்குள் நுழைவதும் அதே 443 வழியாகத்தான் என்பதால் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிடுகிறது.

கானாடுகாத்தானுக்குத் திரும்புகிறேன். கணினியைத் தொடுவதற்கு முன்னால் என் மடிக்கணினியில் உட்கார்ந்து கடவுச்சொற்களை மாற்றினோம். முன்பதிவுக் கணக்கு, மின்னஞ்சல், வங்கி, ஜிஎஸ்டி தளம் எல்லாம். பாதிக்கப்பட்ட கணினியிலேயே உட்கார்ந்து கடவுச்சொல் மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புதிய சாவியைத் திருடன் கையிலேயே கொடுப்பதற்கு எதற்கு இத்தனை சிரமம்? கடவுச்சொல்லை மாற்றியதோடும் விடக்கூடாது. “எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு” என்று இருக்கும், அதை அழுத்தவேண்டும். நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்று தளத்துக்குச் சொல்லும் குக்கீ என்ற சிறு குறிப்பைப் பிரவுசரிலிருந்து அவன் எடுத்துப் போயிருந்தால், கடவுச்சொல்லோ ஓடிபியோ இல்லாமலே உள்ளே இருப்பான். இரண்டு கட்டச் சரிபார்ப்பு இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து மின்னஞ்சலின் அமைப்புகளுக்குள் போனேன். நான் எதிர்பார்த்தது இருந்தது. முன்பதிவு சம்பந்தமான எல்லாக் கடிதங்களையும் வெளி முகவரி ஒன்றுக்குத் தானாக அனுப்பும் விதி ஒன்றை யாரோ எழுதிவைத்திருந்தார்கள். கணினியை எரித்துச் சாம்பலாக்கினாலும் இந்த விதி இருக்கும். பின்கதவு கணினியில் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்தவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மீட்பு போன் எண், மீட்பு மின்னஞ்சல், கணக்கோடு இணைந்த வெளிச் செயலிகள், இவையும் பார்க்கவேண்டியவை.

அதன்பின்தான் கணினி. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில், ரன்எம்ஆர்யு என்ற இடத்தில், ரன் பெட்டியில் கடைசியாக ஓட்டியவை பதிவாகியிருக்கும். அந்தப் பெண் ஒட்டிய வரி அப்படியே அங்கே கிடந்தது. தலையும் வாலுமாக முழுசாகப் பார்த்தபோது அவளுக்கே திகைப்பு. மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஆட்டோரன்ஸ், பிராசஸ் எக்ஸ்புளோரர், டிசிபிவியூ என்று மூன்று கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எனக்கு ஸ்க்ரூ டிரைவர் எப்படியோ அப்படி இவை. ஆட்டோரன்ஸ், கணினி எழும்போது கூடவே எழுபவை அத்தனையையும் ஒரே பட்டியலில் காட்டும். மைக்ரோசாஃப்ட்டின் சொந்த உருப்படிகளை மறைத்துவிட்டால் பட்டியல் சுருங்கும். வெளியீட்டாளர் கையொப்பம் இல்லாதவை இளஞ்சிவப்பில் நிற்கும்.

ஆனால் இங்கே இளஞ்சிவப்பு ஒன்றும் இல்லை. உள்ளே இருந்தது முறையாகக் கையொப்பமிட்ட, உண்மையான ஒரு தொலைநிலை உதவி மென்பொருள். அலுவலகங்களில் காசு கொடுத்து வாங்கிப் பயன்படுத்துவது. அதை எடுத்து, தன் சர்வரோடு பேசும்படி அமைத்து, ஆப்டேட்டாவுக்குள் வைத்திருக்கிறான். ஆன்ட்டிவைரஸ் ஏன் கத்தவில்லை என்று மேலாளர் கேட்டார். அதன் கண்ணுக்கு அது நல்ல பிள்ளை. போதாததற்கு, விண்டோஸோடு வரும் ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டரில், ஸ்கேன் செய்யாமல் விடவேண்டியவற்றின் விலக்குப் பட்டியலில் பயனர் கோப்புறை முழுவதையும் யாரோ சேர்த்திருந்தார்கள். அந்தப் பட்டியலை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. நீங்கள் இப்போது திறந்து பாருங்கள், நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக்கூடாது.

என் போனின் ஹாட்ஸ்பாட்டில் சில நிமிடங்கள் இணைத்து, எந்த நிரல் யாரோடு பேசுகிறது என்று காட்டும் டிசிபிவியூவில் பார்த்தேன். பிரவுசர் மூடியிருக்கிறது, வேறு எதுவும் திறக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை மட்டும் வெளிநாட்டு முகவரி ஒன்றோடு பேச முயன்றுகொண்டே இருந்தது. கருவி எதுவும் கையில் இல்லாதவர்கள் கமாண்ட் பிராம்ப்டில் நெட்ஸ்டாட் கட்டளையை ‘ஏஎன்ஓ’ என்ற மூன்று எழுத்துகளோடு அடித்தால், எந்தச் செயல்முறை (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) யாரோடு பேசுகிறது என்று எண்களாகவே காட்டும். அந்த எண்ணை டாஸ்க் மேனேஜரில் தேடிப் பெயரைக் கண்டுபிடிக்கலாம்.

நீக்குவதில் வரிசை முக்கியம். பலரும் செயல்முறையைக் கொல்கிறார்கள், கோப்பை அழிக்கிறார்கள், மறுநாள் அது திரும்ப வந்ததும் கணினியைச் சபிக்கிறார்கள். அது எங்கிருந்து எழுகிறது என்பதை முதலில் அடைக்கவேண்டும். ரெஜிஸ்ட்ரியில் உள்ள ரன் கீ, ஸ்டார்ட்டப் கோப்புறை, டாஸ்க் ஷெட்யூலர், சர்வீஸ்கள் என்று எழும் இடங்கள் பல. ஒன்றை அழித்தால் மற்றது அதை மறுபடி வைக்கும். இந்தக் கணினியில் ரன் கீயில் ஒன்றும், ஏதோ அப்டேட் போலப் பெயர் வைத்துக்கொண்டு ஷெட்யூலரில் ஒன்றும் இருந்தன. இரண்டையும் முடக்கி, பிறகு செயல்முறையை நிறுத்தி, பிறகு கோப்பை எடுத்து, விலக்குப் பட்டியலைச் சுத்தம் செய்து, டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டினேன். இந்த ஆஃப்லைன் ஸ்கேன் விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே ஓடுவதால், ஒளிந்திருப்பது தன்னைக் காத்துக்கொள்ள நேரம் இல்லாமல் மாட்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு, “இனி இதை ஃபார்மேட் செய்யவேண்டும்” என்றேன். மேலாளர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். “அதுதான் எடுத்துவிட்டீர்களே அம்மா?” என்றார்.

என் கருத்து இதில் கறாரானது. விளம்பரம் காட்டும் அற்ப நிரல் என்றால் எடுத்துவிட்டுப் போய்விடலாம். பின்கதவு என்றால், வெளியாள் ஒருவன் உள்ளே உட்கார்ந்து தன் கையால் வேலை செய்திருக்கிறான். அவன் விட்டுப்போனதில் நான் கண்டுபிடித்தவை எவை என்று சொல்லமுடியும், கண்டுபிடிக்காதவை எவை என்று எப்படிச் சொல்வேன்? நான் இவ்வளவு நேரம் தேடியது சுத்தம் செய்வதற்காக அல்ல. அவன் எதுவரை போனான், எந்தக் கணக்கையெல்லாம் பூட்டவேண்டும் என்று அறிவதற்காக. “ஃபார்மேட் இல்லாமல் சுத்தமாக எடுத்துத் தருகிறேன்” என்று சொல்லும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை, அவர்களிடம் என் கணினியைக் கொடுக்கவும் மாட்டேன்.

புகைப்படம், எக்செல், பிடிஎஃப் மட்டும் வெளி டிஸ்க்கில் எடுத்தோம். நிறுவும் கோப்புகள் ஒன்றையும் எடுக்கவில்லை. எடுத்ததை வேறு கணினியில் ஸ்கேன் செய்தோம். கடையில் உள்ள சுத்தமான கணினியில் தயாரித்த பென்டிரைவிலிருந்து, பழைய பார்ட்டிஷன்களை எல்லாம் அழித்து, விண்டோஸ் 11 போட்டேன். ரௌட்டரின் அட்மின் கடவுச்சொல் வாங்கிய நாளில் இருந்ததாகவே இருந்தது. அதையும் மாற்றினேன். பணம் கட்டி ஏமாந்தவரை 1930க்கு உடனே அழைக்கச் சொன்னோம். இணையவழிப் பண மோசடிக்கான இந்த அரசு உதவி எண்ணில் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, போன பணத்தை வழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

விடுதிக்கு மின்னஞ்சலில் வந்தது மற்றவர்களுக்கு வேறு வேஷத்தில் வருகிறது. இந்தப் பக்கம் டிடிபி செய்கிறவர்கள் எனக்கு நிரந்தர வாடிக்கையாளர்கள். முகூர்த்த மாதங்களில் பத்திரிகை வேலை குவியும், புதிய தமிழ் எழுத்துரு வேண்டும், வடிவமைப்பு மென்பொருளைக் காசு கொடுக்காமல் ஓட்டவைக்கும் கிராக் வேண்டும். எங்கிருந்தோ ஒரு ஜிப் இறங்கும். கூடவே ஒரு குறிப்பு: “நிறுவுவதற்கு முன் ஆன்ட்டிவைரஸை அணைக்கவும்.” வீட்டுக்கு வருகிறவன், முதலில் நாயைக் கட்டிப்போடுங்கள் என்று எழுதி அனுப்பினாலே சந்தேகம் வரவேண்டாமா? என்றால், “எல்லாக் கிராக்கிலும் அப்படித்தான் இருக்கும் அக்கா” என்கிறார்கள். உண்மைதான், அதுதானே சங்கடம்.

அச்சகத்துக்கும் டிடிபி கடைக்கும் நடுவே ஓடும் பென்டிரைவ்கள் தனிக்கதை. கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். தட்டினால் கோப்புறையும் திறக்கும், பின்னால் நிரலும் ஓடும். கோப்புறை திறந்துவிடுவதால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்துவைப்பது இவர்களுக்கு ஒத்தாசை. பில் டாட் பிடிஎஃப் டாட் எக்ஸ்இ என்ற கோப்பு, பில் டாட் பிடிஎஃப் என்று மட்டும் தெரியும். ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ பகுதியில் பின்னொட்டைக் காட்டச் சொல்லிவிடுங்கள். நான் கொடுக்கும் எந்தக் கணினியும் அப்படிச் செய்யாமல் கடையை விட்டுப் போகாது.

எல்லாம் ஒழுங்காக இருப்பவருக்கும் வரும் என்பதையும் சொல்லவேண்டும். 2017இல் சிகிளீனர் என்ற பிரபலமான மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கியவர்களுக்குப் பின்கதவும் சேர்ந்தே வந்தது. தாக்கியவர்கள் அந்த நிறுவனத்துக்குள்ளேயே புகுந்திருந்தார்கள். 2024 மார்ச்சில் லினக்ஸில், கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற நிரல் நூலகத்துக்குள் பின்கதவு வைக்கப்பட்டிருப்பதை ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். சர்வரில் லாகின் ஆவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. நோண்டியபோது, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்லவர் போல அந்தத் திட்டத்தில் உழைத்து நம்பிக்கையைச் சம்பாதித்தவரின் வேலை என்று தெரிந்தது. அரை நொடி! என் வாடிக்கையாளர்கள் பத்து நிமிடம் தாமதமானாலும் டீ குடித்துவிட்டு வருகிறவர்கள். இந்த மாதிரி ஒருவரைப் பற்றிப் படித்தால் அன்றைக்கு முழுவதும் சந்தோஷமாக இருக்கிறது.

விடுதிக்குக் கணினியைத் திருப்பிக் கொடுத்தபோது, வரவேற்பில் இருப்பவர்களுக்குச் சாதாரணப் பயனர் கணக்கு மட்டும் வைத்தேன். அட்மின் கடவுச்சொல் மேலாளரிடம். ரன் பெட்டியை அந்தக் கணக்கில் முடக்கிவிட்டேன், அறை பதிவு செய்ய அது எதற்கு? பிரவுசரில் சேமித்திருந்த கடவுச்சொற்கள் போய், கடவுச்சொல் மேலாண்மைச் செயலி ஒன்று வந்தது. மின்னஞ்சல் விதிகளை மறுவாரமும் போய்ப் பார்த்தேன், புதிதாக ஒன்றும் இல்லை.

பிறகு மேலாளர் ஊருக்குப் போயிருந்த ஒரு நாளில், புதிய பிரின்டருக்கு டிரைவர் போட முடியாமல் அந்தப் பெண் எனக்குப் போன் செய்து சலித்துக்கொண்டாள். “எதற்கெடுத்தாலும் கடவுச்சொல் கேட்கிறது அக்கா, கொஞ்சம் எடுத்துவிடுங்களேன்.” முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் திரும்பி வரும்வரை விருந்தினர் பில்லைக் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.